பாதியில் எழுந்து போகும் உரிமை

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனதும் ‘எங்கே கூட்டிக்கொண்டு போவது’ என்ற கேள்வி வந்துவிடும். குழந்தை நடை பழகியதிலிருந்து பள்ளிக்கூடம் அதை முழுதாக எடுத்துக்கொள்ளும் வரையிலான ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இதற்குப் பதில் பெரும்பாலும் காசு கேட்காத இடமாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகள், லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, கோட்டூர்புரம் நூலகம், பெசன்ட் நகர் கடற்கரை, பொங்கலை ஒட்டிச் சென்னையின் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகள் என்று எங்கள் உலகம் அவ்வளவுதான். சிக்கனத்தில் ஆரம்பித்த பழக்கம். ஆனால் அந்த ஆண்டுகளை இப்போது நினைத்துப் பார்க்கிறபோது சிக்கனத்துக்கு அதில் சிறிய பங்குதான் இருந்தது என்று படுகிறது. நுழைவுச்சீட்டு இல்லாத இடத்தில் குழந்தைக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. பிந்தி வரலாம், பாதியில் எழுந்து போகலாம், பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லலாம், மனம் மாறி மறுபடி ஓடி வரலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு கச்சேரியோ கூத்தோ திருவிழாவோ பிடித்துப்போக வேண்டுமானால் இந்த உரிமைதான் முதல் தேவை என்பது என் கட்சி. இதை மறுக்கிறவர்களிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றையும் எடுத்துக்கொண்டே பேச வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய சீட்டு ஒரு மனிதரை என்ன செய்கிறது என்பதை ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடியிலும் சீட்டுக் கொடுத்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் அதே நாடகங்கள். எல்லோருமே பார்க்க விரும்பி வந்தவர்கள். இருந்தும் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போன காசு திரும்பாது என்று தெரிந்தும் அந்தக் காசே ஆளை இழுத்துவந்து உட்கார வைத்தது. பெரியவர்களுக்கு இதனால் நன்மையும் உண்டு; சோம்பலை வென்று ஒரு நல்ல நாடகத்தைப் பார்த்துவிடுவார்கள். மடியில் குழந்தை இருக்கும்போதுதான் இது தலைகீழாகிறது. குழந்தையின் கவனம் எட்டு நிமிஷத்தில் தீரலாம், நாற்பது நிமிஷம் நீளவும் செய்யலாம். முன்கூட்டிச் சொல்லக் குழந்தையாலேயே முடியாது. சீட்டு வாங்கிய தகப்பனோ தாயோ அந்தக் கவனத்தோடு சண்டை போட ஆரம்பிக்கிறார்கள். ‘உட்காரு, இவ்வளவு காசு குடுத்திருக்கோம்’ என்ற குரலை எந்தக் கட்டண அரங்கிலும் கேட்கலாம். இதைச் சொல்கிறவர்கள் கெட்ட பெற்றோர்கள் இல்லை. அவர்களைச் சொல்லவைப்பது பையிலிருக்கும் சீட்டு. அந்தச் சண்டையோடு பார்த்த நிகழ்ச்சியின் மேல் குழந்தைக்கு எப்படிப் பிரியம் வரும்?

நம் பழைய கலைகள் பார்வையாளரைக் கட்டிப்போடாமல் வளர்ந்தவை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தெருக்கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை போகிறது. எட்டு மணி நேரம் யாரும் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று கூத்துக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. டீக்குடிக்கப் போவார்கள், வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள், அசந்து தூங்குவார்கள். அவர்களுக்காகத்தான் கட்டியங்காரன் நடுநடுவே வந்து கதை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லி, வேடம் கட்டி வருகிறவரை ‘நீங்கள் யார்’ என்று கேட்டுப் பதில் வாங்குகிறான். ஆட்டக்களத்தின் முன்தரை பிள்ளைகளுடையது. அவர்கள் அங்கேயே சுருண்டு தூங்கி, துச்சாதனன் வேடம் ஆர்ப்பாட்டமாக நுழையும்போது எழுந்து உட்கார்ந்து, மறுபடி தூங்குவார்கள். சாமி புறப்பாடும் அப்படித்தான். நாகஸ்வரம் திறந்த வெளிக்கென்றே அமைந்த வாத்தியம். புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி தொடங்கினால் மூன்று தெருவுக்கு அப்பால் இருக்கிற குழந்தைக்கும் காது நிமிரும்; அருகே வரும்போது பார்த்தால் போதும், கடந்து போனதும் வீட்டுக்குள் போய்விடலாம். ஊர்வலம் என்ற வடிவமே பார்க்கிறவரின் வாசலுக்குத் தானே வந்து தானே விலகிப்போகிறது. இப்படிப் பார்த்தால், குழந்தையின் பொறுமைக்கு ஏற்ற நிகழ்ச்சியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் வரும். கூத்தும் கச்சேரியும் உற்சவமும் பெரியவர்களுக்கானவை, குழந்தைக்கு அதில் என்ன புரியும், அதற்கென்று தயாரித்த பொம்மலாட்டமும் மால்களில் இருக்கும் விளையாட்டுக்கூடமும்தானே பொருத்தம் என்பார்கள். பார்பரா ரோகாஃப் என்ற உளவியலாளர் குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்தவர். அவரும் மாரிசெலா கொரேயா சாவேஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உடன்பிறந்த பிள்ளைக்கு ஒருவர் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் காத்திருக்கும் மற்றப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பெரியவர்களின் வேலைகளுக்கும் சடங்குகளுக்கும் நடுவிலேயே வளரும் மாயாப் பிள்ளைகள், தமக்குச் சொல்லப்படாத அந்தப் பாடத்தையும் கூர்ந்து கவனித்தார்கள்; அமெரிக்க நடுத்தர வர்க்கப் பிள்ளைகளிடம் அந்தக் கவனம் குறைவாக இருந்தது. தன்னை நோக்கிச் சொல்லப்படாத ஒன்றைக் கவனிப்பதும் ஒரு திறமை. அது பழக்கத்தில் வருகிறது. குழந்தைக்கென்றே தயாரித்த நிகழ்ச்சி நொடிக்கு நொடி அதன் கவனத்தை யாசிக்கிறது. மாட வீதியில் தவில்காரர் குழந்தைக்காக வாசிப்பதில்லை. அவர் தன் வேலையைச் செய்கிறார், குழந்தை அவர் விரலில் மாட்டியிருக்கும் கூடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் ஒரு காரியத்தை முழு மனதோடு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு நகரத்துக் குழந்தைக்கு மிகவும் குறைந்துவிட்டது. அப்பாவின் வேலையும் அம்மாவின் வேலையும் அதற்கு ஒரு திரையாகத்தான் தெரிகின்றன.

மயிலாப்பூரின் பங்குனிப் பெருவிழாவைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பத்து நாள் விழா என்பதே குழந்தைக்குப் பெரிய வசதி. ஒரு நாள் காய்ச்சலில் போனாலும் இன்னும் நாள்கள் இருக்கின்றன. மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் பெரிய நேரங்களுக்குக் குறிவைக்க வேண்டியதில்லை. தேர் இழுப்பதைவிடத் தேர் கட்டுவதைப் பார்ப்பது அந்த வயதுக்கு உகந்தது என்பது என் அனுபவம். மூங்கில் கட்டுவதும், துணி தொங்கவிடுவதும், வடக்கயிற்றைக் கொண்டுவந்து போடுவதும் கூட்டமில்லாத நேரத்தில் நடக்கின்றன. யாரும் ‘தள்ளி நில்லுங்க’ என்று அதட்டுவதில்லை. தெருவோரத்தில் சொப்புச் சாமானும் காற்றாடியும் பரப்பியிருப்பார்கள். அங்கே காசு செலவாகத்தான் செய்யும். இலவசமாகப் பார்க்கப்போய்ப் பலூனுக்குக் கொடுத்தேன் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. விழாவை நம்பிக் கடைபோட்டவரிடம் ஒரு காற்றாடி வாங்குவதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அறுபத்துமூவர் விழா நாளின் கதையே ஒரு சிறுமியின் கதை. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தில் இறப்பு பற்றிய தத்துவம் ஏதும் இல்லை. இந்த ஊரில் மாதந்தோறும் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றையெல்லாம் பார்க்காமல் போய்விடுவாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஒரு பிள்ளையைத் திரும்ப அழைப்பதற்குச் சொல்லத்தக்க காரணமாகத் தெருவிழா இருந்திருக்கிறது. பக்தி உள்ளவர்கள் அதை அற்புதமாகப் படிக்கட்டும்; சிறு குழந்தையை வளர்ப்பவர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அதைப் படிக்கலாம்.

கோயில் தெருவுக்கு வெளியேயும் இதே உரிமை வெவ்வேறு உருவங்களில் கிடைத்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளே ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் கச்சேரியில் கேட்கிற குழந்தைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் பொறுமை இல்லை என்றால் ஊஞ்சல் பக்கத்திலேயே இருந்தது. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவின் செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து ஒரே படப்புத்தகத்தை நான்கு முறை புரட்டலாம். உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது பெசன்ட் நகரில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் வந்து முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துவந்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் இதைச் செய்கிறது. ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் குஞ்சு பொரிந்ததும் இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவற்றைக் கரையில் விடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். விளக்கு வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றிவிடும் என்பதால் செல்போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்வார்கள், நடுவில் குறுக்கே போகக்கூடாது என்பார்கள். நான்கு வயதுக் குழந்தை அந்தக் கட்டளைக்குப் பணிகிறது, ஏனென்றால் காரணம் அதன் கண்ணெதிரே ஊர்ந்து போகிறது. சில நாள்களில் ஒரு குஞ்சும் பொரிந்திருக்காது. கட்டணம் வாங்கியிருந்தால் அன்று ஏதாவது காட்டியே ஆக வேண்டிய கட்டாயம் வந்திருக்கும். ஆமை அதன் நாளில்தான் வரும் என்பதை அந்த வெறும் மாலையும் குழந்தைக்குச் சொல்லியது.

‘இதெல்லாம் குழந்தைக்கு நினைவிருக்கப் போவதில்லையே’ என்பது அடுத்த ஆட்சேபம். அது உண்மை. மூன்று மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரியவர்களானபின் பெரும்பாலோருக்கு நினைவில் இருப்பதில்லை என்பது உளவியலில் நிலைபெற்ற செய்தி. ஆகவே அறுபத்துமூவரைக் காட்டியதற்கு எந்தக் குழந்தையும் பிற்காலத்தில் சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனால் தாய்மொழியைக் கற்ற நாளும் எவருக்கும் நினைவில்லை. பேசுவதற்கு அது தடையாக இருந்ததில்லை. கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, தனக்கு முன்னால் நிற்கும் இன்னொரு குழந்தைக்கும் தெரியட்டும் என்று நகர்வது, தெரியாதவர் நீட்டிய பானகத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வது, இரைச்சல் பிடிக்காவிட்டால் அழாமல் ‘போலாம்’ என்று சொல்வது ஆகியவை நிகழ்ச்சி மறந்தபின்னும் உடம்பில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ‘போலாம்’ என்று சொன்னால் அழைத்துப் போவார்கள் என்று நம்புகிற குழந்தைதான் அடுத்த வாரம் ‘வா’ என்றால் தயங்காமல் வருகிறது.

கூட்டமும் ஆபத்தும் பற்றிய ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகச நிகழ்ச்சி கட்டணமில்லாத நிகழ்ச்சிதான். பல லட்சம் பேர் குடும்பம் குடும்பமாகத் திரண்டார்கள். நிகழ்ச்சி நடந்தது உச்சி வெயிலில். தண்ணீருக்கும் நிழலுக்கும் தவித்தார்கள், முடிந்தபின் ரயிலுக்கும் பேருந்துக்கும் வழியில்லாமல் திணறினார்கள். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். இதை ஒதுக்கிவைத்துவிட்டு இலவச நிகழ்ச்சிகளைப் புகழ்வது நேர்மையாகாது. நான் பேசிக்கொண்டிருக்கும் உரிமையின் இலக்கணத்தை அந்த நாள் இன்னும் தெளிவாக்குகிறது என்று நினைக்கிறேன். வாசலில் சீட்டுக் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, வெளியே போக முடியாதபடி மக்களை நிறுத்திவைத்தால் அங்கே அந்த உரிமை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் குழந்தையோடு நிற்பது, பூட்டிய அரங்கில் நிற்பதைவிடக் கொடுமை. அறுபத்துமூவர் நாளின் மாலை நேரத்து நெரிசலும் மூன்று வயதுக்கு உகந்ததல்ல. அதன் பக்தர்கள் என்மேல் வருத்தப்பட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். குழந்தையோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மேடை எங்கே இருக்கிறது என்பதை அல்ல, எந்தச் சந்து வழியாக வெளியே போகலாம் என்பதைத்தான். சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய காகிதமும், தண்ணீர்ப் பாட்டிலும், தவில் அருகே போகாமல் நாலு வீடு தள்ளி நிற்கிற கட்டுப்பாடும் அதற்குப் பிறகு.

யாருடைய பணம் என்ற கேள்வியும் நியாயமானது. உபயக்காரர் பணம், வரிப்பணம், விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் பணம், சம்பளமில்லாமல் இரவு முழுவதும் மணலில் நடக்கும் மாணவரின் உழைப்பு என்று ஏதோ ஒன்று எல்லா இலவச நிகழ்ச்சிக்கும் பின்னால் இருக்கிறது. இவற்றில் விளம்பரப் பணத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. இனிப்புப் பானம் விற்கிறவர் குழந்தைகள் விழாவுக்குப் பந்தல் போட்டால் பந்தலின் விலையைக் குழந்தை வேறு வழியில் கொடுத்துக்கொண்டிருக்கும். மற்றவை எனக்குச் சம்மதம். நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போகும் வரிப்பணத்தைவிட நியாயமான செலவு ஒரு நகரத்துக்குக் குறைவு. இதைவிடக் கனமான கேள்வி, சீட்டு இல்லாத இடத்துக்கு உண்மையில் யார் வருகிறார்கள் என்பது. மார்கழியில் பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் அங்கே போய் உட்காரும் முகங்களில் ஒரு வகைதான் தெரியும். சீட்டுக் கேட்காவிட்டாலும் உடையும் பேச்சும் சாதியும் வாசலில் நிற்கின்றன. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவர்களோடு சேர்ந்து 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இதற்குத்தான் ஒரு விடை தேடியது. கர்நாடக இசையையும் பரதத்தையும் குப்பத்துக்குக் கொண்டுபோய், பறையாட்டத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் அதே மேடையில் இடம் கொடுத்தது. கலையைக் குப்பத்துக்குத் தானமாகக் கொண்டுபோவதா என்று அதை விமர்சித்தவர்கள் உண்டு. பெரியவர்களின் அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் சொல்ல விஷயம் இருக்கிறது. எந்த மேளம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று யாரும் இன்னும் சொல்லிக்கொடுக்காத வயதில் பறையையும் மிருதங்கத்தையும் ஒரே மாலையில் ஒரே மண்ணில் உட்கார்ந்து கேட்ட குழந்தைக்கு, பிறகு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது கடினம் என்பதை மட்டும் நான் உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிறன்றும் வேலைக்குப் போகிறவருக்கு இவை எதுவும் எட்டாது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை; வாரநாள் மாலைகளில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிகழ்ச்சிகள் இருந்தால் கொஞ்சம் எட்டும். இருப்பதைக் காப்பதுகூடச் சுலபமாக இருந்ததில்லை. 2011 நவம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம்மாற்றி அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் குழந்தை நோயில்லாமல் சும்மா போய் உட்காரவும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது, மரம் அங்கேயே நிற்கிறது. இன்று கேட்க வேண்டியவை அவ்வளவு பெரியவை அல்ல. திடலில் தண்ணீர் வரும் கழிப்பறை, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைப்பு, எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று முந்தின நாளே தெரிவிக்கும் ஒரு பலகை. அப்புறம் அந்த முன்வரிசை. சில ஆண்டுகளாக அரசு விழாவானாலும் தெரு விழாவானாலும் மேடையை ஒட்டிச் சோபாக்களையும் துண்டு போட்ட நாற்காலிகளையும் முக்கியஸ்தர்களுக்காகப் போட்டுக் கயிறு கட்டிவிடுகிறார்கள். குழந்தைகள் அந்த நாற்காலிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மேடைக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவே பத்தடி தரையைக் காலியாக விட்டு ஒரு ஜமுக்காளம் விரித்துக் கொடுக்கலாம்; செலவு ஒன்றும் ஆகாது, இரண்டு பக்கமும் வெளியே போகும் வழி மட்டும் அடைபடாமல் இருக்க வேண்டும்.